எந்திரிச்சு நின்னுட்டு உக்காந்துட்டேன்

ஏற்காட்டுல இருந்து ஒரு பெரியவர் கையால எழுதி தபால்ல அனுப்பின லெட்டர் இது. கோடு போட்ட தாள்ல நாலு பக்கம். பேரு, வேலை பாத்த இடம் எதையும் வெளிய சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், பாதி விஷயத்தை எனக்கே சொல்லல, அதுவும் சரிதான். அவர் சம்மதத்தோட சுருக்கி இங்க போடறேன்.

"டாக்டர், எனக்கு 68 வயசு. ரிட்டயர் ஆனதும் மனைவியோட ஏற்காட்டுக்கு வந்துட்டேன், கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கு. முப்பது வருஷத்துக்கு மேல ராக்கெட், ஏவுகணை வேலை. எங்க, யாருக்குன்னு கேக்காதீங்க. கடைசி சில வருஷம் நான் பண்ணது, மேல சுத்திட்டு இருக்கற சாட்டிலைட்டை கீழ இருந்து போயி மோதி நொறுக்கற ஒரு ஆயுதத்துக்கு, கடைசி சில செகண்டுல குறி பாக்கற பகுதி. என் கணக்கு தப்பல. அன்னைக்கு எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். அதுக்கு முன்னாடி ஒரு மீட்டிங்ல, உடையற துண்டெல்லாம் எங்க போகும்னு இன்னொரு தடவை பாத்துரலாமேன்னு கேக்க எந்திரிச்சேன். தலைமையில இருந்தவர் வாட்ச்சைப் பாத்தார். எந்திரிச்சு நின்னுட்டு உக்காந்துட்டேன். இப்ப தினமும் இருட்டினதும் மொட்டை மாடிக்குப் போயி, போற வர்ற சாட்டிலைட் ஒவ்வொண்ணையும் நேரம் போட்டு ஒரு நோட்டுல எழுதறேன். நட்சத்திரம் பாக்கறேன்னு மனைவி நினைக்கறா, குளிருதுன்னு ஸ்வெட்டர் கொண்டு வந்து தோள்ல போட்டுட்டு போயிடறா. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துருது. ஆறு மாசத்துல ஏழு கிலோ இளைச்சுட்டேன். காப்பி கூட பிடிக்கல. இருந்து என்ன பிரயோஜனம்னு தோணுது. சேலத்துல நான் படிச்ச ஸ்கூல்ல அக்டோபர்ல விண்வெளி வாரத்துக்கு என்னை சீஃப் கெஸ்ட்டா கூப்பிடறாங்க, உங்களை மாதிரி ஆகறது எப்படின்னு பசங்களுக்கு சொல்லுங்கங்கறாங்க. என்னத்த சொல்ல? நான் பண்ணது பாவமா? இதுக்கு மருந்து இருக்கா?"

சார், வணக்கம்.

கடைசியா கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். மருந்து இருக்கு, நீங்க எழுதினதுல ஒரு பாதிக்கு. விடியக்காலம் மூணு மணிக்கு முழிச்சு அப்புறம் கண்ணே மூடாம கிடக்கறது, எடை குறையறது, சொந்தத் தோட்டத்துக் காப்பியே வாய்க்குப் பிடிக்காம போறது, இதெல்லாம் மனசாட்சி பண்ற வேலைன்னு நினைச்சுட்டு இருக்கீங்க, இல்ல சார், இது டிப்ரஷன். உங்க வயசுல நிறைய பேருக்கு இது அழுகையா வராது, பழைய தப்பைத் தோண்டி எடுத்துட்டு வரும், எடுத்து வந்ததை மலை மாதிரி ஆக்கிக் காட்டும்.

வாழப்பாடி பக்கத்துல இருந்து ஒரு விவசாயி வந்தார், அடையாளத்தை மாத்தித்தான் சொல்றேன். நாப்பது வருஷம் முன்ன அண்ணன் காட்டு வரப்பை ஒரு முழம் தள்ளி வெட்டிட்டாராம், அதனாலதான் இந்த வருஷம் ஊர்ல மழையே இல்லைன்னு சொன்னார், மனசார நம்பினார். சோறு தண்ணி இல்ல. ஒரு ரெண்டு மாசம் மருந்து சாப்பிட்டு தேறினதும், மழைக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லைன்னு அவருக்கே புரிஞ்சுபோச்சு. ஆனா பாருங்க, வரப்பு நகந்தது நகந்ததுதானே, மருந்து அதை மாத்தல. முழம் முழமாவே நின்னுச்சு. தெம்பு வந்ததும் போயி அண்ணன் பையன்கிட்ட சொல்லி அளந்து விட்டுட்டு வந்தார். உங்களுக்கும் நான் எதிர்பாக்கறது அந்த மாதிரி ஒண்ணுதான், பண்ணது அதோட நெசமான அளவுக்கு வந்து நிக்கணும், அதுக்கப்புறம் அதை என்ன பண்றதுன்னு பேசலாம்.

அதனால இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்க, என்கிட்டதான் வரணும்னு இல்ல. ஏழு கிலோ குறைஞ்சிருக்கறதால தைராய்டு, சுகர், பி12, ஹீமோகுளோபின், சோடியம் எல்லாம் பாக்கணும், பொது மருத்துவர்கிட்டயும் ஒரு தடவை உடம்பைக் காட்டணும், எல்லாத்தையும் மனசு மேல போடக் கூடாது. மாத்திரை குடுத்தா ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும் லேசாத் தெரிய, முதல் வாரமே ஒண்ணும் ஆகலைன்னு நிறுத்திறாதீங்க.

இன்னொண்ணு, நேராவே கேக்கறேன், சுத்தி வளைச்சா உங்களை மாதிரி ஆளுக்குப் பிடிக்காது. இருந்து என்ன பிரயோஜனம்னு எழுதினீங்களே, செத்துப் போயிடலாம்னு நினைப்பு வருதா? வந்தா மாடியில தனியா இருக்காதீங்க, கீழ வந்து வீட்டம்மாவை எழுப்புங்க, 14416க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு இல்ல. அந்த நினைப்பு டிப்ரஷனோட ஒரு அடையாளம், காய்ச்சல்ல உடம்பு சுடற மாதிரி. உங்க வாழ்க்கையைப் பத்தின தீர்ப்பு அதுல இல்ல.

டாக்டர்கிட்ட போனா காத்து வந்த ரகசியம் வெளிய வந்துருமோன்னு ஒரு பயம் லெட்டர் பூரா தெரியுது. 2017 மனநலச் சட்டத்துல நீங்க சொல்றதை வெளிய விடக் கூடாதுன்னு மருத்துவருக்குக் கட்டுப்பாடு இருக்கு. அதுக்கும் மேல, எங்களுக்கு மெஷின் விவரம் எதுவும் வேண்டாம் சார். எந்த ரேடார், எந்த வேகம், எந்த ஊருன்னு ஒண்ணும் தெரியாமலேயே உங்க கூட ஒரு வருஷம் உக்காந்து பேச முடியும். எங்களுக்கு வேண்டியது அந்த ரூம்ல உங்களுக்கு என்ன ஆச்சுங்கறது மட்டும்தான்.

சரி, மருந்து தொடாத அந்த இன்னொரு பாதிக்கு வர்றேன்.

கூட வேலை பாத்த நண்பர்கிட்ட சொன்னப்ப, "உன் மேல என்னய்யா தப்பு, மேல சொன்னாங்க, செஞ்சோம்"னு சொன்னாராம், அது ஏன் ஆறுதலா இல்லைன்னு கேட்டிருக்கீங்க. நல்ல மனசோட சொன்னதுதான். ஆனா அது உங்களை ஒரு ஸ்க்ரூடிரைவர் ஆக்கிடுது, யாரோ கையில எடுத்து முடுக்கினாங்க, திருப்பி டப்பாவுல போட்டாங்கன்னு. முப்பது வருஷம் ராத்திரி பகல் பாக்காம மூளையைக் குடுத்த ஒரு மனுஷனுக்கு, நீ அங்க இல்லவே இல்லைன்னு சொன்னா எப்படி ஆறுதலா இருக்கும்? குறி தப்பாம போனதுக்கு பெருமைப்பட்டது நீங்கதானே, அப்ப போன எடத்துக்கும் ஒரு பங்கு உங்களுது. பாவமான்னு கேட்டீங்க, அது சொல்ற எடத்துல நான் இல்ல. தப்புன்னு ஒண்ணு இருக்கான்னு கேட்டா, இருக்கு, அது எவ்வளவுங்கறதுதான் பேச்சு.

வியட்நாம் போருக்குப் போயி திரும்பின அமெரிக்க வீரர்களோட வருஷக்கணக்கா பேசின ஜோனதன் ஷேங்கற மனநல மருத்துவர் இதுக்கு மாரல் இன்ஜுரின்னு பேர் வெச்சார், மனசாட்சியில பட்ட காயம்னு சொல்லலாம். சுட்டது, வெடிச்சதோட பயம் ஒரு பக்கம், அது வேற. சரின்னு நம்பின ஒண்ணை தன் கையாலயே மீறினது, இல்ல மீறறப்ப பாத்துட்டு சும்மா இருந்தது, அது ஆறாத காயம். புண்ணு இருக்கறவனை ஒனக்கு புண்ணே இல்லைன்னு சொன்னா அவன் மூடி வெச்சுக்குவான், உள்ளயே சீழ் பிடிக்கும்.

அளவுக்கு வர்றேன். நீங்க கணக்குக்காரர், நான் சொல்றதை சரி பாத்துக்கோங்க, மத்தவங்களும் படிக்கறதால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். சேலத்துல இருந்து ஏற்காடு போறப்ப அடிவாரத்துக்கு முன்னாடி வெள்ளைக்கல் வெட்டின மேடு பள்ளம் தெரியும்ல, அந்த மாதிரி எடத்துல வேட்டு வைக்கறப்ப சிவப்புக் கொடி காட்டி விசில் அடிச்சு ஆளுங்களை தள்ளி நிறுத்துவாங்க. கல்லு பறக்கும், அரை நிமிஷத்துல எல்லாம் கீழ வந்துரும், புழுதி அடங்கினா போயி பாக்கலாம். மேல அந்த அடங்கற நேரம்தான் பிரச்சினை. அங்க உடைஞ்ச துண்டு சாட்டிலைட்டோட வேகத்துலயே, செகண்டுக்கு ஏழு எட்டு கிலோமீட்டர்ல, சுத்திக்கிட்டே இருக்கும். எதிர்த்த மாதிரி வர்ற இன்னொண்ணு மேல மோதினா செகண்டுக்கு பத்து கிலோமீட்டர் வேகம் சாதாரணம், அந்த வேகத்துல ஒரு கிராம் துண்டுக்கு இருக்கற சக்தி, ஒரு டன் எடை உள்ள காரு மணிக்கு 36 கிலோமீட்டர்ல வந்து முட்டற சக்தி. கொண்டை ஊசி வளைவுல ஒரு காரு அந்த வேகத்துல சுவர்ல போயி இடிச்சா என்ன ஆகும்னு மலை ஏறற எல்லாருக்கும் தெரியும், அத்தனையும் ஒரு சின்ன ஸ்க்ரூ மொனையில.

எப்ப அடங்கும்ங்கறது உயரத்தைப் பொறுத்தது. 1985 செப்டம்பர்ல அமெரிக்கா ஒரு போர் விமானத்துல இருந்து ஏவி சோல்விண்ட்ங்கற சாட்டிலைட்டை 500 கிலோமீட்டருக்கு மேல உடைச்சுது, பதிவான கடைசித் துண்டு விழறதுக்கு 2004 ஆச்சு. 2007 ஜனவரி 11ல சீனா தன்னோட பழைய வானிலை சாட்டிலைட்டை 850 கிலோமீட்டருக்கு மேல உடைச்சுது, ரேடாருக்குத் தெரியற துண்டே 3000க்கு மேல, பாதிக்கு மேல இன்னும் அங்கதான் சுத்துது, நம்ம பேரப் பிள்ளைங்க காலத்துலயும் சுத்தும். 2019 மார்ச் 27ல நம்ம நாடு பண்ணது 300 கிலோமீட்டருக்கும் கீழ, அந்தத் துண்டுல பெரும்பாலானது சில மாசத்துக்குள்ள எரிஞ்சு விழுந்துச்சு, ஆனா மோதின வேகத்துல மேல எகிறின சிலது வருஷம் தாண்டியும் இருந்துச்சு. 2021 நவம்பர் 15ல ரஷ்யா 480 கிலோமீட்டர் பக்கம் உடைச்சுது, 1500க்கு மேல துண்டு, அன்னைக்கு சர்வதேச விண்வெளி நிலையத்துல இருந்த 7 பேரையும், அதுல ரெண்டு பேர் ரஷ்யாக்காரங்களே, எழுப்பிவிட்டு பூமிக்குத் திரும்பற கலத்துக்குள்ள போயி உக்காருங்கன்னு சொல்ல வேண்டி வந்துச்சு.

நீங்க எதுல இருந்தீங்கன்னு நான் கேக்கல. இதுல ஒண்ணா, இதுக்கெல்லாம் முன்னாடி நடந்ததா, எங்கேயும் சொல்லாத ஒண்ணா, எனக்கு வேண்டாம். ஆனா உங்களுக்கு உயரம் தெரியும், எடை தெரியும், மோதின கோணம் தெரியும். அப்ப ஏன் சார் இன்னும் உக்காந்து கணக்கு போடல? தினமும் மாடியில கண்ணுக்குத் தெரியறதை எல்லாம் எழுதறீங்க, போறது எல்லாமே உங்களைக் குத்திக் காட்டற மாதிரி. அதுல முக்கால்வாசி வேலை செய்யற சாட்டிலைட்டும், யாரோ விட்ட ராக்கெட்டோட காலி உடம்பும். உங்க துண்டு அதுல எத்தனை இன்னும் மேல இருக்கு, எத்தனை விழுந்துச்சு, எவ்வளவு நாளைக்கு, யாரு வழியில? ரேடாருக்குத் தெரியற துண்டுல பெரும்பாலானதோட பாதை பொதுவுல கிடைக்குது. இந்தக் கணக்கை உங்களை விட நல்லா போடத் தெரிஞ்சவங்க ஏற்காட்டுலயும் இல்ல, சேலத்துலயும் இல்ல. போடாம இருக்கறதுக்கு என் சந்தேகம் என்னன்னா, விடை ரொம்பப் பெருசா வந்துருமோன்னு ஒரு பயம், ரொம்பச் சின்னதா வந்துருமோன்னு அதை விடப் பெரிய பயம்.

இதைச் செஞ்ச ஒருத்தர் இருக்கார், உங்களுக்குத் தெரிஞ்ச பேர்தான், ஆந்த்ரேய் சகாரோவ். சோவியத்தோட ஹைட்ரஜன் குண்டை உருவாக்கினதுல முக்கியமான ஆள். 1950கள் கடைசியில அவர் உக்காந்து, காத்துல வெடிக்கற ஒவ்வொரு மெகாடன்னுக்கும், அதாவது பத்து லட்சம் டன் வெடிமருந்தோட சக்திக்கும், உண்டாகற கதிரியக்கக் கார்பன், வரப்போற ஆயிரக்கணக்கான வருஷத்துல எத்தனை பேரைப் பாதிக்கும்னு கணக்கு போட்டு 1958ல வெளியிட்டார். ஒரு மெகாடன்னுக்கே ஆயிரக்கணக்குல ஆளுங்கன்னு வந்துச்சு. அதைப் போட்டுட்டு ஒரே நாள்ல மகான் ஆயிடல, அதுக்கப்புறமும் அந்த வேலையிலேயே இருந்தார், 1961ல வெடிச்ச 50 மெகாடன் குண்டுலயும் அவர் கை இருக்கு. 1962ல தேவையே இல்லாத ஒரு சோதனையை நிறுத்தச் சொல்லி எந்திரிச்சு நின்னார், கெஞ்சினார், உக்காரவே இல்ல, ஆனாலும் வெடிச்சாங்க, மேஜை மேல தலை வெச்சு அழுததா அவரே எழுதிருக்கார். அடுத்த வருஷம் 1963ல காத்துலயும் தண்ணியிலயும் விண்வெளியிலயும் அணுகுண்டு சோதனை கூடாதுன்னு மாஸ்கோவுல ஒப்பந்தம் ஆச்சு, அதுக்கு உள்ள இருந்தே குரல் குடுத்தவங்கள்ல அவரும் ஒருத்தர். நான் இவரைச் சொல்றது நீங்களும் சகாரோவ் ஆகணும்னு இல்ல. தன் கை பண்ணதை எண்ணிப் பாக்கறது ஒரு விஞ்ஞானியால செய்ய முடிஞ்ச காரியம், அதுக்கு நோட்டும் பேனாவும் போதும்னு சொல்றதுக்குத்தான்.

இப்ப எனக்குத் தெரிஞ்ச எடத்துக்கு வர்றேன், ராக்கெட் எனக்குத் தெரியாது, ஆளுங்களைத் தெரியும்.

உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன். நாலு பக்கத்துல வேலை, ஆயுதம், உடம்பு, வீடுன்னு மூணே முக்கா பக்கம், எழுத்து அச்சு மாதிரி, ஒரு அடித்தல் இல்ல. மீட்டிங்கைப் பத்தி ரெண்டே வரி. அந்த ரெண்டு வரியில மட்டும் மூணு எடத்துல அடிச்சு மேல திருப்பி எழுதிருக்கீங்க. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன், மன்னிக்கணும். முதல்ல "உக்கார வெச்சுட்டாங்க"ன்னு எழுதிருக்கீங்க, அதை அடிச்சுட்டு "உக்கார வேண்டியதாப் போச்சு", அதையும் அடிச்சுட்டு "உக்காந்துட்டேன்". சார், அந்த மூணாவது வார்த்தையை எழுத எவ்வளவு நேரம் ஆச்சோ தெரியாது, என்னைப் பொறுத்த வரைக்கும் நீங்க பாதி குணமானது அந்த எடத்துலதான். வானம் பூரா தேடி மாடியில எழுதிட்டு இருக்கற அந்த ஒண்ணு வானத்துல கிடைக்காது, அந்த மீட்டிங் ரூம்ல உங்க நாற்காலிக்குப் பக்கத்துலயே கிடக்குது.

இது எனக்கு எப்படித் தெரியும்னு சொல்றேன். நான் மேல்படிப்பு படிச்சப்ப, ஆஸ்பத்திரி பேர் வேண்டாம், வார்டுல ஒரு அம்மா இருந்தாங்க, அம்பது வயசு, மனநிலை ரொம்ப ஏறி இறங்காம இருக்கறதுக்குக் குடுக்கற லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வந்தவங்க. ரெண்டு நாளா பேதி, கை நடுக்கம், பேச்சு குழறல். பேதியாகி உடம்புல தண்ணி வத்தினா ரத்தத்துல லித்தியம் ஏறி விஷமாயிரும், எனக்கு அதுதான்னு பட்டுச்சு. காலை ரவுண்ட்ஸ்ல, மாத்திரையை நிறுத்திட்டு ரத்த அளவு பாக்கலாமான்னு கேட்டேன். பெரிய டாக்டர், அவங்க நடிக்கறாங்கன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார். நான் கேஸ் ஷீட்டைக் கையில வெச்சுக்கிட்டு பின்னாடியே போனேன். சாயங்காலம் நானே ரத்தம் எடுத்து அனுப்பிருக்கலாம். அனுப்பல. ரெண்டு நாள் கழிச்சு வேற ஒருத்தர் அனுப்பினாங்க, அளவு எங்கயோ இருந்துச்சு. அந்தம்மா பிழைச்சுட்டாங்க, ஆனா நடை கடைசி வரைக்கும் நேராகல, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் நடந்தாங்க. வார்டு வராந்தாவுல அவங்க கையை செவுத்துல தடவிக்கிட்டே வர்ற சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

ரொம்ப நாள் நான் அந்தப் பெரிய டாக்டரைத் திட்டிட்டு இருந்தேன். அதுல ஒண்ணும் ஆறல. எனக்கு ஆற ஆரம்பிச்சது, அன்னைக்குப் பேசாம இருந்தது நான்தான்னு ஒரு சீனியர்கிட்ட வாய் விட்டு சொன்ன அன்னைக்கு. அதுக்கப்புறம் நான் லித்தியம் எழுதற ஒவ்வொருத்தருக்கும், அவங்க வீட்டு ஆளையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு, சேலம் வெயிலுக்கு தண்ணி எவ்வளவு குடிக்கணும், உப்பை தடால்னு குறைக்கக் கூடாது, வாந்தி பேதி ஆனா அன்னைக்கே மாத்திரையை நிறுத்திட்டு ஓடி வாங்கன்னு ஒரு அட்டையில எழுதிக் கையில குடுத்துடறேன். வெளிய எத்தனை பேர் காத்திருந்தாலும் அதை விடறதில்ல. அந்தம்மாவுக்கு இதனால ஒரு பிரயோஜனமும் இல்ல, தெரியும். கடன் குடுத்தவங்க போயிட்டாங்க, அவங்க தெருவுல இருக்கறவங்களுக்கு திருப்பித் தர்றேன், அவ்வளவுதான்.

உங்க கையில என்ன இருக்கு? அந்த ஆயுதத்தை இல்லாம பண்ண உங்களால முடியாது. ஒரு நாட்டுக்கு அது வேணுமா வேண்டாமான்னு நல்லவங்களே ரெண்டு பக்கமும் பேசறாங்க, அந்த விவாதத்தை நீங்க ஒருத்தர் தோள்ல தூக்கிட்டு மூணு மணிக்கு முழிச்சு உக்கார வேண்டியதில்ல. ஆனா உடைச்சுப் பாக்கற சோதனை வேண்டாம்ங்கறதுல எனக்கு சந்தேகம் இல்ல, 2022 டிசம்பர்ல ஐநா பொதுச்சபையில 155 நாடு அப்படித்தான் கை தூக்குச்சு. அன்னைக்கு நீங்க அந்த ரூம்ல கேக்க எந்திரிச்ச கேள்வியைத்தான் உலகம் கொஞ்சம் லேட்டா கேக்குது. அப்ப உங்களுக்கு சரியான கேள்வி தெரிஞ்சிருந்துச்சு, அதையும் கணக்குல சேருங்க, தப்பை மட்டும் சேத்தா அது நேர்மையான கணக்கு இல்ல.

ஸ்கூலுக்குப் போங்க. உடம்பு தேறி, தூக்கம் வந்து, டாக்டர் சரின்னு சொன்னா மட்டும், இல்லைன்னா அடுத்த வருஷம் வர்றேன்னு சொல்லிருங்க, ஓடிப் போயிடாது. அக்டோபர் 4ல இருந்து 10 வரைக்கும் ஏன் அந்த வாரம்னு அங்க இருக்கற வாத்தியாருக்கே தெரியுமோ என்னவோ. 4, 1957ல உலகத்தோட முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் மேல போன நாள். 10, 1967ல விண்வெளி ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாள், மேல அணுகுண்டு வெக்கக் கூடாது, விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லைன்னு எழுதினது. மோதி உடைக்கற ஆயுதத்தை அது தடுக்கலைங்கறதும் உங்களுக்குத் தெரியும். இந்த ரெண்டு தேதிக்கு நடுவுல நின்னு பேச உங்களை விடத் தகுதியான ஆள் யாரு? ரகசியம் ஒண்ணும் வெளிய வர வேண்டாம், ஆயுதம்ங்கற வார்த்தையே வேண்டாம். "ஒரு நாள் ஒரு மீட்டிங்ல எனக்கு ஒரு கேள்வி இருந்துச்சு, எந்திரிச்சேன், அவர் வாட்ச்சைப் பாத்தார், உக்காந்துட்டேன்"னு சொல்லுங்க. ஒன்பதாங் கிளாஸ் பையனுக்குப் புரியும், அவன் தினமும் கிளாஸ்ல அப்படி உக்காந்துட்டுத்தான் இருக்கான். வாட்ச்சைப் பாக்கற ஆளு முன்னாடி எப்படி நின்னு கேள்வியை முடிக்கறதுன்னு, முடியலைன்னா அன்னைக்கு சாயங்காலமே அதை ஒரு தாள்ல எழுதி தேதி போட்டுக் குடுக்கறது எப்படின்னு சொல்லிக் குடுங்க. இதை யாரும் அவங்களுக்கு சொல்லித் தர்றதில்ல, எனக்கும் சொல்லித் தரல.

சேலத்தைச் சுத்தி இத்தனை இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு, சின்ன சாட்டிலைட் பண்றோம்னு பசங்க நிறைய பேர் கிளம்பிருக்காங்க. மேல அனுப்பறதைப் பத்தி மட்டும்தான் அவங்க நினைப்பு, காலம் முடிஞ்சா அதை எப்படிக் கீழ கொண்டு வர்றதுன்னு கேக்க ஆள் இல்ல. 2030க்குள்ள குப்பை விடாம ராக்கெட் அனுப்பணும்னு இஸ்ரோவே சொல்லிருக்கு, 2024ல ஒரு பிஎஸ்எல்வி ராக்கெட்டோட கடைசி அடுக்கை 650ல இருந்து 350 கிலோமீட்டருக்கு இறக்கி, வேலை முடிஞ்சதும் தானா விழுந்து எரியற மாதிரி பண்ணாங்க. அந்தக் கணக்கும் நீங்க போட்ட கணக்கும் ஒரே குடும்பம்தானே சார். மாசம் ரெண்டு சனிக்கிழமை மலை இறங்கி வந்து உக்காந்தா போதும். ஆனா இதை இந்த மாசமே ஆரம்பிக்காதீங்க, பிராயச்சித்தம் மாதிரி உடம்பைப் போட்டு வருத்திக்கறதுக்கு இதை ஒரு சாக்கா எடுத்துக்கற ஆள் நீங்க, லெட்டர்லயே தெரியுது. தூக்கம் முதல்ல.

அதுக்கும் முன்னாடி வீட்டம்மா. நட்சத்திரம் பாக்கறீங்கன்னு அவங்க நினைக்கறதா எழுதிருக்கீங்க. தினமும் ஸ்வெட்டரை எடுத்துட்டு மாடிப்படி ஏறி வந்து தோள்ல போட்டுட்டு ஒரு வார்த்தை கேக்காம இறங்கிப் போறவங்க அப்படி நினைக்கறவங்க இல்ல சார். அவங்களுக்குத் தெரியும், என்னன்னு தெரியாது, ஏதோன்னு தெரியும், நீங்களா சொல்ற வரைக்கும் காத்துட்டு இருக்காங்க. ஆறு மாசமா. இன்னைக்கு மாடிக்குப் போறப்ப இன்னொரு நாற்காலியும் எடுத்துட்டுப் போங்க. நோட்டைத் திறக்காதீங்க. அவங்க ஸ்வெட்டரோட வந்ததும் உக்காரச் சொல்லுங்க, அந்த ரெண்டு வரியை மட்டும் சொல்லுங்க, மூணாவதா எழுதினீங்களே, அந்த வார்த்தையோட.

சேலத்துக்கு வர்றதா இருந்தா வியாழக்கிழமை காலைல வாங்க, கூட்டம் கம்மியா இருக்கும், அன்னைக்கு உங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வெச்சிருக்கேன். பனி இறங்கினதுக்கு அப்புறம் வண்டி ஓட்டிட்டு வர வேண்டாம், தூக்கம் இல்லாத கண்ணு, பஸ்லயே வாங்க, அவங்களையும் கூட்டிட்டு. நோட்டையும் எடுத்துட்டு வாங்க, பாக்கணும்.